சாமி மேடைக்கு மேலே புது பிரேக்கர்

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் இருக்க வேண்டிய அளவுக்கு நன்றாகவே இருக்கிறோம். அம்மா மிஷின் காற்றில் இருக்கிறாள், நான் அம்மாவின் ஏச்சில் இருக்கிறேன், இரண்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கின்றன. நீ அந்த ஜெர்மனிக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சோறு தின்று, சளி கிளி பிடிக்காமல் இருக்க அம்மன் துணையிருக்கட்டும். கையில் போன் இருக்கும்போது இந்த மனுசனுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். நம் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஹால், அதில்தான் அம்மாவின் கட்டில், அவளுக்கு மூச்சுதான் குறைந்திருக்கிறதே தவிர காது முன்னைவிட இரண்டு மடங்கு கூடியிருக்கிறது. நான் குளியலறைக்குள் போய்க் கிசுகிசுத்தாலும் வெளியே வந்ததும் யாருகிட்ட என்ன பேசுனீங்க என்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் போனிலேயே அனுப்பிவிடுவேன், படத்தில் என் கட்டைவிரல் விழுந்திருந்தால் அதைத் தாண்டிப் படித்துக்கொள். பிழை இருந்தால் சிரிக்காதே, உன் அப்பன் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன், அதற்கும் முன்னாலேயே பள்ளிக்கூடம் என்மேல் ஆசையை விட்டிருந்தது.

போன வாரம் போனில் சொன்னாயே லோகா, அங்கே வேலையை நீட்டிப்பதற்குக் கையெழுத்துப் போடப் போவதில்லை, மாதக் கடைசியில் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து விடுவேன், செனாவாங்கில் பழைய பேக்டரியிலேயே ஏதாவது வேலை கேட்டுக்கொள்கிறேன், அம்மாவுக்கு ஆள் வேண்டும் என்று. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நான் எழுதியதை முழுக்கப் படிக்கும்வரை அங்கே எதையும் எழுதிக் கொடுத்துவிடாதே. நான் சுற்றி வளைத்துத்தான் வருவேன், செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றிய டிராக்டர் ஓட்டியவனுக்கு நேர்ரோடு பழக்கமில்லை, பொறுத்துக்கொண்டு படி.

நீ அனுப்பி வைத்த ஏர்கோன் வந்த நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். வெக்கையில் அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று நீ பாசமாக அனுப்பினாய், அதில் குறை ஒன்றுமில்லை, ஹால் அப்படியே கேமரன் மலை ஆகிவிட்டது. ஆனால் அதை மாட்ட வந்தவர்கள் ஏற்கெனவே பிரிட்ஜும் அம்மாவின் ஆக்சிஜன் மிஷினும் ஓடும் அதே லைனிலிருந்து இழுத்து மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து பிரிட்ஜ் ஒரு பக்கம் உறும, ஏர்கோன் ஒரு பக்கம் உறும, மூன்றும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் சுவரில் இருக்கும் பெட்டிக்குள் டப் என்று பிரேக்கர் விழுந்துவிடும். மற்றதெல்லாம் நின்றால் நிற்கட்டும், அம்மாவின் மிஷின் நின்றால் அது குழந்தை மாதிரி வீறிடும். நான் ஓடிப்போய் ஏர்கோனை அடைத்து, முக்காலிமேல் ஏறி, பிரேக்கரைத் தூக்கிவிட வேண்டும். அதற்குள் அம்மா உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டு, பரவால்ல மெதுவா வாங்க, விழுந்துடாதீங்க என்று எனக்குக் கையைக் காட்டுவாள். சரி, ஏர்கோனையே போடாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், அப்படியும் விழுந்தது. ஏன் விழுந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன், அது எனக்குப் பெருமை தரும் விஷயமில்லை.

ஆக நான் வீட்டோடு கட்டப்பட்டேன். கணக்கு மிகவும் சுலபம். அம்மாவின் மூக்கிலிருந்து குழாய், குழாயின் மறுமுனையில் மிஷின், மிஷினுக்குப் பின்னால் வயர், வயருக்குப் பின்னால் பிரேக்கர், பிரேக்கருக்குப் பின்னால் நான். அவள் கயிறாவது சமையலறை வரைக்கும் எட்டும், என் கயிறு வாசல் கேட்டோடு முடிந்தது. கதவைத் தாழ்ப்பாள் போடாமல்தான் குளித்தேன், சோப்பு நுரையோடு இரண்டு தடவை ஹாலுக்கு ஓடி வந்திருக்கிறேன், ஜன்னல் திரை போட்டிருந்தது தோட்டம் செய்த புண்ணியம். கரண்டே போய்விட்டால் மாற்றிக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஓர் இரும்புச் சிலிண்டர் கொடுத்திருக்கிறார்கள், அதன் தலையில் சாவியை மாட்டித் திருப்பினால் காற்று வரும், உனக்குத் தெரியும். அது கசிந்துவிடக் கூடாது என்று நான் டிராக்டர் கையால் முறுக்கி மூடி வைப்பேன், அம்மாவால் அதை அசைக்கக்கூட முடியாது. கொஞ்சம் தளர்வா வைங்க, நானே தொறந்துக்குறேன் என்று பலமுறை சொன்னாள். உனக்கு ஏன் அந்த வேலை, நான்தான் இருக்கேனே என்று நான் பெரிய மனிதனாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு வள்ளிநாயகி அக்காவை உட்கார வைத்துவிட்டுப் போகலாமே என்று நீ கேட்பாய். அந்த அம்மாள் பேக்டரியில் இரவு ஷிப்டு, பகலில் தூங்க வேண்டும், எழுந்தாலும் வீட்டு வேலை. மற்ற வீடுகளில் எல்லாரும் காலையிலேயே பேக்டரி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பகல் முழுக்க இந்த வரிசையில் குரங்குகளும் நானும் உன் அம்மாவும்தான். குரங்குகளாவது வெளியே போய்வருகின்றன. சன்னாசி மாமா மகனுக்குக் கெமாஸில் கல்யாணம் நடந்தது. என்னோடு ஒன்றாகக் குலை ஏற்றியவன், பத்திரிகையை நேரில் கொண்டுவந்து தாம்பூலத்தோடு வைத்தான். நான் சட்டைக்கு இஸ்திரி போட்டு, போட்ட சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து பிரேக்கரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சாயங்காலம் சட்டையைக் கழற்றி மாட்டினேன். மறுநாள் சன்னாசி போனில் பிடித்துக்கொண்டான், என்னலா தங்கராஜு, பொண்டாட்டி உன்னைய முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காளா என்றான். முந்தானை இல்லைலா, பிளாஸ்டிக் டியூப் என்றேன். அவன் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் மிஷினுக்கென்று தனியாக வயரும் தனியாகப் பிரேக்கரும் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். நானே போட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், டிராக்டர் பேட்டரிக்கு வயர் மாற்றியவனுக்கு இது எம்மாத்திரம் என்று திருப்புளியைக் கையில் எடுத்தேன். அம்மா கட்டிலிலிருந்து பார்த்துவிட்டு, எனக்குத்தான் மூச்சு கம்மி, உங்களுக்கு மூளையும் கம்மியா என்றாள். திருப்புளியை வைத்துவிட்டு, செனாவாங்கில் லைசென்ஸ் வைத்திருக்கும் திருச்செல்வம் என்ற வயர்மேனைக் கூப்பிட்டேன். நல்ல பிள்ளை, என்ன, இன்று வருகிறேன் என்றால் மறுநாள் வருவான், வாயில் எப்போதும் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், யாரோடு பேசுகிறான் என்றால் சில சமயம் நம்மோடு, சில சமயம் காதில் இருக்கும் போனோடு. வந்ததும் வராததுமாகப் பெட்டி எங்கண்ணே என்றான். காட்டினேன். அண்ணாந்து பார்த்தவன் காதிலிருந்து போனை இறக்கினான்.

நம் வீட்டில் பெட்டி எங்கே இருக்கிறது என்று உனக்கு நினைவிருக்கும், சாமி மேடைக்கு நேர் மேலே. வீட்டைக் கட்டிக் கொடுத்தவன் பெட்டியை முதலில் வைத்தான், நாம் குடிவந்து ஹாலிலேயே சுத்தமான சுவர் இதுதான் என்று கீழே சாமியை வைத்தோம், தப்பு யாருடையது என்று சொல்ல முடியாது. ஏணி போட வேண்டுமானால் மேடையை எடுக்க வேண்டும். நம் தோட்டத்துக் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது, வீட்டில் கவிச்சி இல்லை, அம்மா விரதம். திருச்செல்வம் ஓரடி பின்னால் போய், அண்ணே, நான் காலைல நாசி லெமாக்கு சாப்புட்டேன், கோழியோட, சாமியத் தொட மாட்டேன்லா என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். சரி, நான் எடுக்கிறேன் என்று போனால் அம்மா கட்டிலிலிருந்தே, நீங்க குளிச்சீங்களா என்றாள். குளிக்கவில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்றால் திருச்செல்வம் மணியைப் பார்க்கிறான், இன்னொரு வீட்டில் ஆள் காத்திருக்கிறதாம். கடைசியில் அம்மாவே எழுந்தாள். எப்படியும் மெயினை அடைக்க வேண்டும் என்பதால் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றி விட்டிருந்தேன். அவள் குழாயைத் தோளில் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு, அம்மன் படத்தை ஒரு நடை, முருகனை ஒரு நடை, விளக்கை ஒரு நடை, நடுநடுவே நாற்காலியில் உட்கார்ந்து ஊதி மூச்சு வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் டிவி மேசைமேல் கொண்டுபோய் வைத்தாள். அவள் பின்னால் நான் கோல்கீப்பர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனேன், விழுந்தால் பிடிக்க. தள்ளி நில்லுங்க, உங்க கைதான் இடிக்குது என்றாள். கோழி தின்றவனும் குளிக்காதவனும் சும்மா நிற்க, மூச்சு இல்லாதவள் சாமியைச் சுமந்தாள், அதுதான் அன்றைய காட்சி.

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் திருச்செல்வம் போனில் பேசிக்கொண்டிருந்தவனிடம், பொறு, பொறு, நீ இத பாக்கணும் என்று படமெடுக்க ஆரம்பித்தான். உள்ளே ஒவ்வொரு பிரேக்கருக்கும் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஆயுத பூசை தோறும் மோட்டாருக்கும் குலை வெட்டும் கத்திக்கும் வைக்கிற மாதிரி, கரண்டு மட்டும் என்ன பாவம் செய்தது என்று நான்தான் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வந்தேன். வருசா வருசம் வைத்தது ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து வடை கனத்துக்கு நிற்கிறது. நான் மாவிலையால் தெளித்த மஞ்சள் தண்ணீர் இரும்பில் துருவாக ஓடியிருக்கிறது. அண்ணே, இது கரண்டுப் பெட்டியா, கருவறையா, செத்துப்போன பல்லிக்குக்கூட பொட்டு வச்சிருக்கீங்களேலா என்றான். எட்டிப் பார்த்தேன், உண்மைதான், பல்லிக்குக் குங்குமம் எடுப்பாகத்தான் இருந்தது. பழைய பிரேக்கருக்குள் சந்தனம் இறங்கிக் கெட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் ஏர்கோன் போடாவிட்டாலும் சும்மா சும்மா விழுந்திருக்கிறது என்றான். மரியாதை பண்ணலாம், தண்ணி காட்டக் கூடாது, கெடந்த கெடைக்கு நீங்க உசுரோட இருக்கறதே பெரிசு என்றான். அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்தால் இருமல், இருமினால் மூச்சு, மூச்சு திரும்பி வந்ததும் மறுபடி சிரிப்பு. வெகுநாளாக அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டு, அந்தப் பூட்டுக்குப் பூசையும் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு வேலை நடந்தது. மெயினைக் கீழே இறக்கிவிட்டு டெஸ்டரால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். மெயினுக்கு மேலே வரும் இரண்டு தடித்த வயரைக் காட்டி, இது மட்டும் எப்பவும் உசுரோடதான் இருக்கும், மெயினை அடைச்சுட்டோம்னு தைரியத்துல யாரும் கைய விடக் கூடாது என்றான். நான் திருப்புளியோடு நின்ற காலையை நினைத்துக்கொண்டேன், அம்மாவும் என்னைத்தான் பார்த்தாள். காலியாக இருந்த இடத்தில் புது பிரேக்கரைத் தண்டவாளம் மாதிரி இருக்கும் தகட்டில் வைத்து அழுத்தினான், டக் என்று உட்கார்ந்தது. கெட்டுப்போன பழையதையும் எடுத்துவிட்டு வேறு போட்டான். புதிதாக வெள்ளைக் குழாய்க்குள் வயரைச் சுவரோரமாக இழுத்து அம்மாவின் தலைமாட்டில் ஒரு பிளக் வைத்தான். சிவப்பு வயரைப் பிரேக்கரில், கறுப்பைக் கறுப்புகளோடு, பச்சையைப் பச்சைகளோடு முறுக்கி, ஒவ்வொன்றையும் பல் பிடுங்குகிற மாதிரி இழுத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு சின்ன ஸ்டிக்கரை எடுத்து, இதுக்கு என்ன பேரு எழுதட்டும்ண்ணே, நாளைக்கு வேற யாராச்சும் தெரியாம அடைச்சுறப் போறாங்க என்றான். அம்மானு எழுது என்றேன். எழுதினான். அம்மா தூரத்திலிருந்து, ஆக என்னைய ஆன் பண்ண ஒன்னு, ஆஃப் பண்ண ஒன்னு, முப்பது வருசமா நீங்க தேடுன சுவிட்சு கெடைச்சுப்போச்சு என்றாள். மெயினைத் தூக்கினான். ஏர்கோன், பிரிட்ஜ், மிஷின், பேன், டிவி, அவன் கொண்டுவந்த துளை போடும் மிஷின் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விட்டோம், பெட்டி அசையவில்லை. நான் போட்டிருந்த சட்டையோடு கேட்டுக்கு வெளியே போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் பொறுத்து, அம்மாவே என்னைக் கிளப்பினாள். ரந்தாவு பசாருக்குப் போய்க் கத்தரிக்காயும் வாழைப்பூவும் வெற்றிலையும் வாங்கி வாருங்கள், அப்படியே ரோட்டோர ஒட்டுக்கடையில் நன்றாக ஆற்றிய ஒரு தே தாரேக் குடித்துவிட்டு மெதுவாக வாருங்கள் என்றாள். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எப்படிப் போனேன் என்று கேட்காதே, புது மாப்பிள்ளை மாதிரி போனேன். கத்தரிக்காயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த காற்றாடி நின்றது. கடைக்காரர் கழுத்தை நீட்டி, எதிர்க்கடையிலயும் இல்ல, ரந்தாவு முழுக்கப் போச்சு போலருக்கு, எங்கயோ மரம் விழுந்திருக்கும் என்றார். கத்தரிக்காயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. புது பிரேக்கர், தனி வயர், ஸ்டிக்கர் எல்லாம் இருக்கிறது, ஊருக்கே கரண்டு இல்லாவிட்டால் அவை என்ன செய்யும். சிலிண்டர் சாவியைக் காலையில்தான் என் முழு பலத்தோடு இறுக்கிவிட்டு வந்திருந்தேன். போன் போட்டால் அவள் எடுக்கவில்லை. தோட்டத்து ரோட்டில் நுழைந்ததும் எனக்கு முன்னால் ஒரு செம்பனைக் குலை லாரி, ரோட்டின் அகலமே அதுதான், ஒதுங்க இடமில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே போனேன். ஓட்டியவன் தெரிந்த பையன், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அவனும் பாட்டு மாதிரி ஹாரன் அடித்துக் கையை ஆட்டினான். லோகா, நான் அழுதேன். ஹெல்மெட்டுக்குள் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது, ஒரு கஷ்டம், கண்ணைத் துடைக்க முடியாது.

கேட்டுப் பூட்டைத் திறக்கக்கூடப் பொறுக்கவில்லை. கம்பி வழியாகப் பார்க்கிறேன். உன் அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மூக்கில் குழாய், பக்கத்தில் சிலிண்டர் உஸ் என்று இரைகிறது, கையில் கோயில் விசிறி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஏன் நாய் தொரத்துன மாதிரி வர்றீங்க, கத்திரிக்கா எங்க என்றாள். நான் உள்ளே போய் மூச்சு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மூக்குக் குழாயைத் தொட்டுக் காட்டி, வேணுமா, கொஞ்ச நேரம் மாத்திப் போட்டுக்குறீங்களா என்றாள். போனை ஏன் எடுக்கவில்லை என்றதற்கு, கையில வேல இருந்துச்சு, சிலிண்டர் தொறக்கறதா, உங்க பொலம்பலக் கேக்கறதா என்றாள்.

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. காலையில் நான் குளிக்கப் போகும்போது, ஷிப்டு முடிந்து வரும் வள்ளிநாயகி அக்காவைக் கூப்பிட்டு, நான் முறுக்கியதைத் தளர்த்தி வைக்கச் சொல்வாளாம். சாவியில் ஒரு கரண்டிக் காம்பைச் செருகி இழுத்தால் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் திரும்பிவிடும் என்பதை இரண்டு பேரும் சேர்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒழுங்காக வரும்வரை பழகியிருக்கிறாள். நான் சோப்புப் போடும் நேரம்தான் அவளுக்குப் பள்ளிக்கூடம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். சொன்னா விடுவீங்களா என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னாள், இந்த டியூபு எனக்குப் பழகிப்போச்சு லோகாப்பா, இது என்னைய ஒன்னும் பண்ணல, நீங்க எந்நேரமும் மூஞ்சியவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுதான் முட்டுது, தும்முனாகூட எந்திரிச்சு ஓடியாறீங்க, ஒரு மனுசி நிம்மதியாத் தும்ம முடியல என்றாள். சன்னாசி அண்ணன் மகன் கல்யாணத்துக்கு நீங்க போகாம சட்டையோட உக்காந்திருந்தீங்க, அன்னைக்கு முழுக்க நான் கண்ண மூடித் தூங்குற மாதிரி படுத்திருந்தேன், எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சீங்க என்று கேட்டாள். நான் கட்டப்பட்டிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவளைக் கட்டி வைத்திருந்தது என் கை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது உன் விஷயம். நீ திரும்பி வருகிறேன் என்று சொன்னபோது அம்மா போனில் ஒன்றும் சொல்லாமல் இருந்தாளே, அதைச் சந்தோசத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். கரண்டு இல்லாத அந்தச் சாயங்காலம் கேட்டேன், உன் மகள் வருவது உனக்கு இஷ்டம்தானே என்று. ஒரு வாட்ச்மேன் பத்தாதுன்னு இன்னொன்னா என்றாள். சுவிட்சு தூக்கிவிட ஒரு பிள்ளையா வேணும், அதுக்குத்தான் பெத்தனா, அவ எனக்கு மகளா வரட்டும், சண்டை போட்டுக்கிட்டு சாப்புட்டுத் தூங்கிட்டுப் போகட்டும், என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்கார வரவேணாம் என்றாள். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது, அது மூச்சா வேறேதாவதா என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

லோகா, இதை எழுதத்தான் இத்தனை சுற்று. அம்மா உன்னை நினைத்து ஏங்கிப்போய் இருக்கிறாள், ராத்திரி உன் பெயரைச் சொல்கிறாள் என்று, அவள் தூங்கும் நேரம் பார்த்து, நான்தானே போனில் உன்னிடம் சொன்னேன், அதைக் கேட்டுத்தானே நீ வேலையை விடுகிறேன் என்றாய். ஏங்கியது அவள் இல்லை, நான். நான் ஓய்ந்துவிட்டேன். யாராவது வந்து அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா, நான் ஒரு நாள் கெமாஸ் வரை போய்வர மாட்டேனா என்று இருந்தது. அதை என் பெயரில் சொல்ல வெட்கமாக இருந்ததால் அம்மா பெயரில் சொன்னேன். நோயாளியின் பெயரில் சொன்னால் மறுக்க மாட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் வசதிக்காக நீ படித்துச் சம்பாதித்த வேலையைத் தூக்கிப்போட இருந்தாய்.

மறைக்காமல் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அம்மா குணமாகிவிட மாட்டாள். அந்தக் காலத்தில் ரப்பர்ப் பால் தகட்டுக்குப் புகை போடும் கொட்டகையில் அவள் இழுத்த புகைக்கு இப்போது வட்டி கட்டுகிறாள், சிரம்பான் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும், குழாய் இனி கழலாது, சில நாள் காற்றின் அளவைக் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. எந்த வயர்மேன் வந்தாலும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே நீயாக, உன் ஆசைக்கு, வரவேண்டும் என்று தோன்றினால் வா, கதவு திறந்துதான் இருக்கிறது. நான் சொன்ன பொய்யைக் கேட்டு மட்டும் வராதே.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் படு. ஆனால் நாங்கள் ஏற்பாடு செய்துகொண்டோம். அம்மா இப்போது புதுச் சட்டம் போட்டிருக்கிறாள், தினம் சாயங்காலம் நான் வெளியே போயாக வேண்டும், விளக்கு வைப்பதற்கு முன்னால் திரும்பி வந்தால் கேட் திறக்க மாட்டாளாம், சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டாள், போன் போட்டு எப்படி இருக்கே என்று கேட்கவும் கூடாதாம். இதை நான் ரந்தாவு ஒட்டுக்கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், இங்கிருந்து போனிலேயே பேசியிருக்கலாம்தான், ஆனால் இதை வாயால் சொல்ல வெட்கம். முதல் நாள் தோட்டத்து எல்லையைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போனேன், கம்பி வழியாகப் பார்த்து விரட்டிவிட்டாள். நேற்று கடை வரை வந்துவிட்டேன், ஆனால் தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியையே பார்த்துக்கொண்டு இருந்தேன், தே ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. உள்ளே இருந்தபோது வெளியே போக முடியவில்லை என்று புலம்பினேன், இப்போது வெளியே உட்கார்ந்துகொண்டு உள்ளே போக முடியவில்லை என்று புலம்புகிறேன். இன்றைக்கு உனக்கு எழுதுகிறேன் என்பதால் காற்றாடியைக் கொஞ்சம் குறைவாகப் பார்க்கிறேன். நாளைக்கு யாருக்கு எழுதுவது என்று யோசிக்க வேண்டும், சன்னாசிக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதலாம், இல்லையென்றால் நேரிலேயே கெமாஸ் போய்ப் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வரலாம். அவ்வளவு தூரம் போக எனக்குத் துணிச்சல் வருமா என்று தெரியவில்லை, அம்மா போகச் சொல்கிறாள்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிருக்குச் சூடு பண்ணும் பெட்டியையும் சோற்றுப்பானையையும் ஒரே பிளக்கில் மாட்டாதே, இதைச் சொல்ல எனக்கு இப்போது தகுதி வந்துவிட்டது. ஆயுத பூசைக்கு உன் மடிக்கணினிக்குப் பொட்டு வைத்தால் மூடியின்மேல் மட்டும் வை. தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ, அம்மா உன்னோடு போட வேண்டிய சண்டைகளைச் சேர்த்து வைத்திருக்கிறாள். அம்மனும் முனீஸ்வரனும் உன் வாசலில் காவல் இருக்கட்டும், நினைத்தது நடக்க வேண்டும், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

மாதக் கடைசிக்கு அதிக நாளில்லை என்பதை மறந்துவிடாதே. கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் போன் செய், எனக்கில்லை, அம்மாவுக்கு, சாயங்காலமாகச் செய், அப்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன், அவள் மனதில் இருப்பதைச் சொல்வாள். அவள் என்ன சொல்கிறாளோ அதை நம்பு.

இப்படிக்கு,
கடைக்காரர் பார்க்கும் பார்வைக்காக இன்னொரு தே சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா,
தங்கராஜு